பாதியில் விட்ட சுபஹு

ஜின் கதை சொல்கிறவனைக் கண்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எங்கள் ஊர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நாலு பேர் கூடினால் அதில் ஒருவன் வாய்க்கால் கட்டில் வெள்ளை உடுப்புக்காரனைக் கண்டிருப்பான், இன்னொருவன் அவனுக்கு நெருப்புப்பெட்டி கொடுத்திருப்பான். நான் எழுந்து போய்விடுவேன். மருதமுனைத் தறியில் நெய்த சாறனையும் படுக்கை விரிப்பையும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்றவன் நான். மாவடிப்பள்ளி வயல் வரம்பு, மையத்து அடக்குகிற மையவாடி ஓரம், பொத்துவில் காட்டு றோட்டு எல்லாம் தனியே நடந்தவன், என்னை நாயைத் தவிர வேறு எதுவும் மறித்ததில்லை. ஆகவே இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன்.

முதலில் என்னுடைய அசிங்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷம் எங்கள் விளையாட்டுக் கழகம் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு ஓட்டப்போட்டி வைத்தது, பதினாறு மைல், முதலாவதாக வந்தது நான். கப் தந்தார்கள், மாலை போட்டார்கள். ஆனால் ஒலுவிலைத் தாண்டியதும் கெண்டைச் சதை பிடித்துக்கொள்ள, நெல் ஏற்றிப்போன ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிக் கொஞ்சத் தூரம் வந்துவிட்டுக் குதித்திருந்தேன். அரை மைல் இருக்கும். சரி, ஒரு மைல். எவனோ கண்டுவிட்டான். அதற்குப் பிறகு எனக்கு ஊரில் பெட்டிக் காதர் என்று பெயர். நான் ஏறவே இல்லை என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போனவன். மனைவி சுபைதா, மாமி, மனைவியின் மூத்த சகோதரர் மஜீத் மச்சான், எல்லோரும் ஒரே வளவில். மஜீத் மச்சான்தான் கழகத்தின் செயலாளர், பள்ளிக்கூட வாத்தியார், எதையும் எழுத்தில் கேட்கிற ஆள். மாமியின் சோற்றைத் தின்றுகொண்டு அந்த மனிதரின் கண்ணுக்கு நேரே இருப்பதென்றால் என்னவென்று இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கப் மாமியின் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. ஒரு நாள் மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே கையைக் கழுவினார்.

"அந்தக் கப்பப் பாக்கக்குள்ள எனக்குச் சோறு இறங்குதில்ல மச்சான். பொய்யில்லாட்டித் தனிய ஒருக்கா ஓடிக் காட்டுங்களன்."

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"நூறு மைல்," என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் ஓம் என்றேன்.

அன்றைக்கு இரவு சுபைதா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க அந்தப் பெட்டியில ஏறினீங்களா?" நான் இல்லை என்றேன். ஊருக்குச் சொன்ன பொய் வேறு, அவளுக்குச் சொன்னது வேறு. ஓடப் போனதற்கு உண்மையான காரணம் அந்த ஒரு "இல்ல"தான். நூறு மைலை ஒழுங்காக ஓடி முடித்தால் அந்தப் பொய் கழுவுப்பட்டுவிடும் என்று நினைத்தேன். என்ன மடத்தனம் பாருங்கள்.

பகிடி இரண்டு வருஷத்தில் பெரிய காரியமாகிவிட்டது. கழகம் விதி எழுதியது, எழுதியவர் மச்சான்தான். கல்முனையிலிருந்து பொத்துவில் தாண்டிப் பாணமை றோட்டில் ஐம்பதாவது மைல் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு நாள் விடியுமுன் சுபஹு பாங்கோடு தொடங்கினால் மறுநாள் பொழுதுபடுகிற மஃரிபுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். கூட ஓட ஆள் கூடாது, சைக்கிளில் பின்னால் வர ஆள் கூடாது, தண்ணீரோ சாப்பாடோ யாரும் கையில் தரக் கூடாது, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். என்னிடம் ஒரு கொப்பி தந்தார்கள். குறித்த இடங்களில் குறித்த ஆட்கள் நான் வந்த நேரத்தையும், எப்படி வந்தேன் என்பதையும் தங்கள் கையால் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். யாராவது கூட வந்ததாக ஒரு இடத்தில் எழுதியிருந்தாலும் நான் ஒலிபெருக்கியில் நின்று பெட்டியில் ஏறியதை ஒப்புக்கொண்டு கப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். முதல் நாளைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. ஓட்டம் என்றால் எல்லோரும் வீரம் என்கிறார்கள், அதில் உள்ள அருவருப்பை ஒருவரும் சொல்வதில்லை. விடியும் நேரத்தில் மணலில் ஓடினால் கால் நோகாது என்று காரைதீவுப் பக்கம் கடற்கரையில் இறங்கினேன், வரிசையாகக் குந்தியிருந்த ஆம்பிளைகளுக்கு நடுவே எதில் மிதிக்கிறேன் என்று பார்த்துப் பார்த்து ஓடி, மூக்கைப் பொத்திக்கொண்டு றோட்டுக்கே ஏறிவிட்டேன். அக்கரைப்பற்றில் கன்வஸ் சப்பாத்துக்குள் கொப்புளம் உடைந்தது. திருக்கோவிலில் தொடை உரசித் தோல் போனது. சனங்கள் கை தட்டினார்கள், சிலர் "பெட்டி எங்க?" என்று கத்தினார்கள். பொத்துவிலில் ஒரு கடையில் கருவாட்டுக் கறியும் சோறும் வாங்கித் தின்றேன். அதைத் தின்றிருக்கக் கூடாது. ஐம்பதாவது மைலில் ஒரு மாட்டுப் பட்டிக்காரர் லாம்பு வெளிச்சத்தில் கொப்பியில் "தனியாக வந்தார்" என்று எழுதித் தந்தபோது அந்தச் சோறு முழுவதும் அவருடைய வேலியில் வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் இரண்டு பக்கத்தாலும் போயிற்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் வாடையை என்னாலேயே தாங்க முடியவில்லை. பொத்துவிலில் கடைக்காரர் கதவைத் திறந்து கொப்பியில் எழுதிவிட்டுச் சட்டென்று பூட்டிக்கொண்டார். அதிலும் "தனியாக வந்தார்" என்றுதான் இருந்தது. அதை நான் வாசித்துப் பார்த்தேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோமாரிப் பக்கம் றோட்டு காட்டுக்குள்ளால் போகும், யானை நிற்கும். அதனால் கடற்கரைக்கு இறங்கினேன். அறுபத்தேழு மைல் வந்திருப்பேன், கிழக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ஆள் அரவம் இல்லை, தோணி இல்லை, மீன்காரரின் வாடி இல்லை. சுபஹு நேரம். நான் அவ்வளவு தொழுகையாளி ஒன்றும் இல்லை, ஆனால் அன்றைக்குத் தொழ வேண்டும் என்று தோன்றியது. பக்தியால் இல்லை. தொழுதால் கொஞ்ச நேரம் இருக்கலாம், இருந்ததற்கு யாரும் குறை சொல்ல முடியாது. அவ்வளவுதான். அந்தக் கள்ள எண்ணத்தை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பு. கடலில் இறங்கி உடம்பைக் கழுவி, உடுப்பைக் கழுவிப் பிழிந்து உடுத்து, முகம் கை கால் கழுவி வுளுச் செய்து, தோளில் சுற்றியிருந்த மாற்றுச் சாறனை மணலில் விரித்து நின்றேன்.

தொழும்போது முகம் வைக்கிற கிப்லா எங்கள் கரையில் மேற்குப் பக்கம். கடற்கரையில் தொழுதால் கடல் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

தக்பீர் கட்டி, சத்தமில்லாமல் ஓதத் தொடங்கினேன். யாரோ என் வலது தோளைத் தொட்டார்கள். இரண்டு விரலால், மெதுவாக. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்: தனியாகத் தொழுகிறவனோடு இன்னொருவன் வந்து சேர்வதானால் அவன் தோளைத் தொட்டுவிட்டுச் சற்றுப் பின்னால் வலப் பக்கத்தில் நிற்பான். தொட்ட நேரத்திலிருந்து முன்னால் நிற்பவன் இமாம். அவன் சத்தத்தை உயர்த்தி ஓத வேண்டும், பின்னால் நிற்பவன் அவன் குனிந்தால் குனிந்து, இருந்தால் இருந்து, அவன் சலாம் கொடுத்து முடித்த பிறகுதான் தானும் முடிக்கலாம். பள்ளிவாசலில் தினமும் நடக்கிற காரியம். நானும் யோசிக்காமல் சத்தத்தை உயர்த்தினேன். பழக்கம். கரைவலைக்காரர் யாரோ என்று நினைத்தேன், பாவம், கூட்டாகத் தொழ ஜமாஅத் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன். பிழிந்து உடுத்த சட்டையில் தொட்ட இடம் மட்டும் மறுபடியும் தண்ணீர் சொட்டிக் குளிர்ந்தது.

பாத்திஹா முடிந்ததும் பின்னால் "ஆமீன்" என்றார். தண்ணீர் நிறைந்த போத்தலைக் கவிழ்த்தால் வருமே, அந்தச் சத்தத்தோடு வந்தது. சளி பிடித்த கிழவர் என்று நினைத்தேன். பிறகு நாற்றம் வந்தது. கடற்கரையில் நாற்றம் புதினமில்லை, செத்த திருக்கை கிடந்தாலும் ஒரு மைலுக்கு மணக்கும். ஆனால் காற்று எனக்கு முன்னாலிருந்து, நிலத்துப் பக்கமிருந்து வீசியது. நாற்றம் பின்னாலிருந்து வந்தது. நான் ஓதிக்கொண்டே நின்றேன், ஓதும் வாய்க்குள் அது நுழைந்து நாக்கில் படிந்தது, உமிழ முடியாது, திரும்ப முடியாது, நீங்கள் நம்புவீர்களோ இல்லையோ, தொழுகையை முறித்தால் பாவம் என்ற பயத்தைவிடப் பின்னால் நிற்கிற மனிதர் என்ன நினைப்பாரோ என்ற வெட்கம்தான் எனக்கு அப்போது இருந்தது.

கடைசி ஸஜ்தாவில் நெற்றி மணலில் இருக்கும்போது என் கையிடுக்கால் பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது, பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் வந்திருந்தது. என் இடுப்புக்கு நேரே, மணலில் ஊன்றியபடி ஒரு கை. வெள்ளை வெளேரென்று ஊதி, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த விரல் போலச் சுருங்கியிருந்தது. மணிக்கட்டில் தோல் கழன்று, தோய்த்த சட்டையின் கை மாதிரி மடிந்து கிடந்தது. நடுவிரலில் ஒரு சின்ன நண்டு இருந்து கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. விரல் அசையவில்லை.

நான் பழக்கத்தில் எழுந்து கடைசி இருப்பில் இருந்துவிட்டேன். அத்தஹிய்யாத் ஓதினேன், என்ன ஓதினேனோ தெரியாது. சலாம் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வலப் பக்கம்தான் முகத்தைத் திருப்ப வேண்டும். அந்தப் பக்கம்தான் அது இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போது குளிர்ந்த ஒரு முழங்கால் என் முழங்காலில் வந்து ஒட்டியது. எழும்பி ஓடினேன். விரித்த சாறனையும் விட்டுவிட்டு, இடப் பக்கமாக.

நூறு யார் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கரை வெறுமையாக இருந்தது. என் சாறன் மட்டும் மணலில் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. நித்திரை இல்லை, வயிற்றில் ஒன்றுமில்லை, அறுபத்தேழு மைல் ஓடியவனுக்குக் கண் எதைத்தான் காட்டாது என்று என்னையே ஏசிக்கொண்டு ஓடினேன். ஜின் கதை சொல்கிற கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேனே என்று வெறுப்பாக இருந்தது. நாற்றம் மட்டும் போகவில்லை. அது என்னுடைய நாற்றம்தான் என்று நினைத்தேன், நினைப்பதற்கு நல்ல காரணமும் இருந்தது.

திருக்கோவிலில் ஒரு தேத்தண்ணிக் கடை முதலாளிதான் கொப்பியில் எழுத வேண்டியவர். போகும்போது கை கொடுத்து வாழ்த்திய மனிதர், இப்போது என்னைக் கண்டதும் சால்வையால் மூக்கைப் பொத்தினார்.

"கடைக்குள்ள வர வேணாம், வெளிய இரிங்க. தேத்தண்ணி அங்க அனுப்புறன்."

நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். அவர் எட்ட நின்றே கொப்பியை வாங்கி எழுதி, பொலித்தீன் பையில் போட்டு, வாங்கின் நுனியில் வைத்தார். கடை நாய் வந்து குரைத்தது. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக் குரைத்தது. நாய்க்குக்கூட என் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் அப்போது தோன்றியது. பையைத் திறந்து பார்க்கும் நிலையில் நான் இல்லை, இன்னும் இருபத்துநாலு மைல் கிடந்தது.

அக்கரைப்பற்றில் பாங்கு சொல்கிற ஒரு பள்ளிவாசல் மோதினார். வாசல் படியில் கால் வைக்குமுன்னே ஓடி வந்து மறித்தார். "ஹவுழுக்குள்ள கை வைக்க வேணாம். வாளியில அள்ளி வைச்சிரிக்கன், ரோட்டுக்கரையில ஊத்திக்குங்க." ஹவுழ் என்றால் வுளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டி, வருகிற போகிற எல்லோருக்கும் பொதுவானது. அதில் கை வைக்காதே என்று என் வாழ்க்கையில் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. குனிந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மோதினார் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டு நின்றார். கொப்பியில் எழுதி, என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டு விலகினார். என் கோலம் அவ்வளவு கேடுகெட்டதாக இருக்கிறது என்று நினைத்து வெட்கத்தில் குறுகிப்போனேன். நிந்தவூரில் ஒரு அரிசி ஆலைக் கிளார்க்கர், அவரும் யன்னல் வழியாகத்தான் கொப்பியை வாங்கினார்.

சாய்ந்தமருதைத் தாண்டும்போது சனம் கூடிவிட்டது. கை தட்டல் கிட்ட வர வர அடங்கிப்போனது, சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. கல்முனை மைதானத்தில் மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது போய் விழுந்தேன். நூறு மைல். ஒரு அடிகூட வண்டியில் வரவில்லை. அல்லாஹ் சாட்சியாக அன்றைக்கு நான் உண்மையானவனாக இருந்தேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள்தான் இருந்தது.

மச்சான் ஒலிபெருக்கியில் கொப்பியை வாசித்தார். எழுத்துக்கு எழுத்து வாசிக்கிற மனிதர். போன வழி முழுவதும் "தனியாக வந்தார்", ஐம்பதாவது மைல் "தனியாக வந்தார்", திரும்பும்போது பொத்துவில் "தனியாக வந்தார்". சனம் கை தட்டியது. பிறகு தாளைத் திருப்பினார். திருக்கோவில், "இருவராக வந்தனர்." நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் வாசித்தார். அக்கரைப்பற்று, "இருவர். மற்றவர் நனைந்திருந்தார்." நிந்தவூர், "இருவர். இவர் குனிந்தால் அவரும் குனிந்தார், இவர் இருந்தால் அவரும் இருந்தார். கதைக்கவில்லை."

மூன்று ஊர், ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர், மூன்று கையெழுத்து. சனம் முதலில் அடங்கி, பிறகு ஊளையிடத் தொடங்கியது. மச்சான் ஒலிபெருக்கியை மூடிப் பிடித்துக்கொண்டு என்னிடம் குனிந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வேதனை. நான் வெல்ல வேண்டும் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

"ஆர் மச்சான் அவன்?"

என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். யாரும் வரவில்லை என்றால் மூன்று சாட்சி பொய்யென்று ஆகும். உள்ளதைச் சொன்னால், பெட்டிக் காதர் இப்போது ஜின்னோடு ஓடி வந்தானாம் என்று பாணமை வரை சிரிப்பார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வழியில ஒருத்தன் சேந்து வந்தான். நான் கூப்பிடல்ல." பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்துப் பெட்டியில் ஏறியதையும் சொன்னேன். யாரோ பழத்தோலை எறிந்தார்கள். உண்மையாக ஓடிய ஓட்டம் பொய்யாகிவிட்டது. அந்த மைதானத்து மண்ணை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசக்கும்.

வீட்டுக் கிணற்றடியில் சுபைதாதான் என் காலைக் கழுவினாள். நகம் இரண்டு கழன்று அவள் கையில் வந்தது, முகம் சுளிக்கவில்லை. பெட்டி விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறியிருக்கும். நான் கோமாரியில் நடந்தது முழுவதையும் அவளுக்கு மட்டும் சொன்னேன், தோளைத் தொட்டது, ஆமீன், கை, நண்டு எல்லாம். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சலாம் குடுத்தீங்களா?"

"இல்ல. எழும்பி ஓடி வந்திட்டன்."

இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "மறுகா அவர் எப்படிப் போவாரு?" என்றாள்.

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. பின்னால் நிற்கிறவன், முன்னால் நிற்கிறவன் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நான் முடிக்கவில்லை. அந்தச் சுபஹைப் பிறகு திரும்பத் தொழுது கழாச் செய்துவிட்டேன், ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் பெயர் இடம் சொல்லாமல் கேட்டும் பார்த்தேன். இமாம் முறித்துவிட்டால் பின்னால் நிற்கிறவர் தானாக முடித்துக்கொள்வார், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றார். அது உயிரோடு இருக்கிறவருக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கோமாரிக்குத் திரும்பப் போக எனக்குத் துணிவு வரவில்லை, ஒரு தடவை மூட்டையோடு பஸ்ஸில் அந்தப் பக்கம் போனவன் திருக்கோவிலிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

அது நடந்து ஏழு வருஷம். அன்றிலிருந்து நான் தொழும்போது முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்வேன், பின்னால் ஒருவரும் நிற்க இடமிருக்காது. பள்ளிவாசலில் கடைசி வரிசை. சத்தமாக ஓதுவதை விட்டுவிட்டேன். சுபைதா எத்தனையோ தடவை கேட்டாள், வீட்டில் புருஷன் இமாமாக நின்று பெண்டாட்டி பின்னால் நின்று தொழுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று. நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். போன மாதம் ஊரடங்குச் சட்டம் போட்டு நாலு நாள் ஒருவரும் வாசலுக்கு இறங்கவில்லை, பள்ளிவாசலும் பூட்டு, வீதியில் ஜீப் போகிற சத்தம் மட்டும். நாலாம் நாள் சுபஹுக்கு எழும்பி அவள் சொன்னாள்: "இண்டைக்காவது என்னையும் சேத்துத் தொழுவியுங்க. எனக்குப் பயமா இரிக்கி." ஏழு வருஷத்தில் பயம் என்று ஒரு நாளும் சொல்லாத மனுசி. நான் ஓம் என்றேன்.

நடு அறையில் என் பாயை விரித்தேன். பெண் பின்னால்தான் நிற்க வேண்டும், ஆனால் அவள் தன் பாயை ஒரு வரிசை விட்டு, சுவரோடு கொண்டுபோய் விரித்தாள். நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஏன் அவ்வளவு எட்ட என்று கேட்டேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

நான் சத்தத்தை உயர்த்தி ஓதினேன். பாத்திஹா முடிந்தது. பின்னால் சுவர்ப் பக்கமிருந்து சுபைதாவின் ஆமீன் மெதுவாகக் கேட்டது. என் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு ஆமீன் கேட்டது, போத்தலைக் கவிழ்த்த சத்தத்தோடு.

இந்த முறை நான் ஓடவில்லை. ஓட வழியில்லை, வெளியே ஊரடங்கு, பின்னால் அவள் நிற்கிறாள். வாய்க்குள் நாற்றம் நிறைய நிறைய ஓதினேன், குனிந்தேன், இருந்தேன், கடைசி இருப்பில் ஒரு எழுத்தும் விடாமல் ஓதி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு வலப் பக்கம் சலாம் கொடுத்தேன், இடப் பக்கம் சலாம் கொடுத்தேன். முழுத் தொழுகை, ஒரு குறையும் இல்லை. கண்ணைத் திறந்தேன். நாற்றம் அப்படியே இருந்தது.

சுபைதா பின்னாலிருந்து கேட்டாள். "குடுத்திட்டீங்கதானே. இப்ப போயிட்டாரா?"

நான் திரும்பிப் பார்க்காமல், ஓம், போயிட்டார் என்றேன்.

அவள் எழும்பிக் குசினிக்குப் போய்ப் பழைய சீலைத் துண்டொன்றை எடுத்து வந்து, என் பாய்க்கு வலப் பக்கம் பின்னால் குந்தி, நடுவில் ஒரு இடத்தை விட்டு, அதைச் சுற்றி மட்டும் ஈர நிலத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.